எத்தனை ஃப்ளாஷ் அடித்தாலும் கண் மூடாது! மெர்சிங் பக்கத்துப் பாம்புகளைத் தெரியுமா?

மெர்சிங் ஜெட்டியில் தியோமான் படகுக்குக் காத்திருக்கிறீர்களா? நீங்கள் போகப்போவது எப்பேர்ப்பட்ட தீவு தெரியுமா? இரண்டு பாம்பு இனங்கள் உலகுக்கு முதன்முதலாக அறிமுகமானதே அங்கேதான்! 2003-இல் ஒன்று, 2004-இல் இன்னொன்று! முதல் பாம்பின் அறிவியல் பெயருக்குள் தீவின் முக்குட் கிராமமே குடியிருக்கிறது!

பாம்பு கண்ணை மூடிய படம் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? பார்க்கவே முடியாது! அதற்கு இமையே கிடையாது! தூங்கும்போதும் கண் திறந்தே இருக்கும். கண்ணுக்கு மேல் ஒளி ஊடுருவும் ஒரு செதில்தான் காவல். சட்டை உரிக்கும் நாள் நெருங்கினால் அது பால்நீலமாக மங்கிவிடும். அப்போது பாம்புக்குப் பார்வை சரியாகத் தெரியாது, மிரண்டுபோய் இருக்கும், தயவுசெய்து விட்டுவிடுங்கள்! காட்டில் உரித்த சட்டை கிடைத்தால் தலைப்பக்கம் பாருங்கள். இரண்டு கண்செதில்களும் குட்டி லென்ஸ் மாதிரி அதிலேயே ஒட்டியிருக்கும்!

பாம்பு பறக்குமா? மரத்துக்கு மரம் காற்றில் சறுக்கும்! பறக்கும் பாம்பு விலா எலும்புகளை விரித்து உடலை ஏறக்குறைய இரண்டு மடங்கு அகலமாக்கிக்கொள்ளும். காற்றிலும் நெளிந்துகொண்டே போகும்! ஏன் நெளிகிறது? நெளியாவிட்டால் தடுமாறி உருண்டுவிடுமாம்! அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் ஆய்வாளர்கள் 2020-இல் கண்டு சொன்னது இது. அதற்கு அவர்களுக்குத் தேவைப்பட்ட கேமராக்கள் 23! காட்டில் ஒற்றைக் கேமராவோடு இதைப் பிடிப்பவரை என்னவென்று பாராட்டுவது?

ஓடாமல் ஆடாமல் ‘போஸ்’ கொடுக்கும் பாம்பும் உண்டு தெரியுமா? பினாங்கு பாம்புக் கோயிலில் பார்த்திருப்பீர்களே, அந்தக் குழிவிரியன்தான்! நாள்கணக்கில் ஒரே கிளையில் கிடக்கும். பெண் பாம்பு கறுப்பும் மஞ்சளுமாகப் பருத்திருக்கும். ஆண் பாம்போ மெல்லிய பச்சைக் குச்சி! வேறு இனமோ என்று தோன்றும்! சும்மா கிடக்கிறதே என்று நெருங்கிவிடாதீர்கள். கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே இருக்கும் குழியால், கும்மிருட்டிலும் உங்கள் உடல் சூட்டை அது உணர்ந்துவிடும்!

சிவப்புத் தலை, சிவப்பு வால், கருநீல உடலில் பளீரென்ற நீலக் கோடு! எது தெரியுமா? நீலப் பவளப்பாம்பு! மிரண்டால் தலையை ஒளித்துக்கொண்டு வாலைத் தூக்கிக் காட்டும். வாலையே தலை என்று நினைத்து ஃபோகஸ் செய்துவிடுவீர்கள்! இதன் விஷப்பை எவ்வளவு நீளம்? உடம்பில் கால் பங்குக்கும் மேல்! சாப்பாடு? மற்ற பாம்புகள்!

உலகின் மிக நீளமான விஷப்பாம்பு ராஜநாகம். சாதனை படைத்தது எந்த ஊர்ப் பாம்பு? நம் மலேசியப் பாம்பு! 1937-இல் போர்ட்டிக்சன் அருகே பிடிபட்டு, லண்டன் விலங்குக்காட்சிசாலையில் 5.71 மீட்டருக்கு வளர்ந்து நின்றது! 2024-இல் வந்த செய்தி தெரியுமா? ராஜநாகம் ஒரே இனமல்ல, நான்கு இனங்களாம்! மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பது வேறு, மலேசியாவில் இருப்பது வேறு!

அசையாமல் இருக்கட்டும் என்று பாம்பை ஃபிரிட்ஜில் வைத்துப் படமெடுப்பவர்களும் உண்டு என்றால் நம்புவீர்களா? கொடுமை! வேண்டவே வேண்டாம்! எண்டாவ் ரொம்பின் காட்டோரம் ராத்திரியில் டார்ச்சோடு மெல்ல நடந்தாலே போதும். ஓடைக்கு மேல் நீண்ட மெல்லிய கிளைகளின் நுனியைப் பாருங்கள். மரப்பாம்புகள் சுருண்டு தூங்கும்! படத்தை வெளியிடும்போது ஜிபிஎஸ் தகவலை அழித்துவிடுங்கள். திருட்டு வேட்டைக்காரர்களுக்கு அது போதும், நேராக வந்துவிடுவார்கள்!

பாம்பு இரையை முழுசாகத்தானே விழுங்கும்? அதையும் பொய்யாக்கிய பாம்பு சதுப்புநிலக் காட்டுச் சேற்றில் இருக்கிறது தெரியுமா? அப்போதுதான் ஓடு கழற்றிய நண்டைத் தேடிப் பிடிக்கும். வாய்க்குள் அடங்காத நண்டு என்றால்? உடம்பை வளையமாக்கி, அதற்குள் நண்டை இழுத்து, கிழித்துத் துண்டு துண்டாகத் தின்னும்! 2002-இல்தான் இது அறிவியல் உலகுக்கே தெரியவந்தது!