ஆடத் தெரியாதவர்களா?

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று நம் நாட்டில் ஒரு பழமொழி வழங்குகிறது. தன் குறையை மறைக்க இடத்தின்மேல் பழி போடுகிறவளைப் பரிகசிப்பதற்காக ஏற்பட்ட பழமொழி அது. ஆனால் கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்தால் என்ன செய்வது? பழமொழி அதை விசாரிப்பதில்லை. ஒரு தரப்பை மாத்திரம் கேட்டுத் தீர்ப்பு எழுதுவது வக்கீல் தொழிலில் பழகியவனுக்கு ஒப்பாத காரியம். ஆகவே, தோல்வி மேல் தோல்வி அடைந்துவரும் ஒரு கோஷ்டியின் தரப்பில் இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம். இலங்கைத் தேசத்துப் பெண்களின் காற்பந்துக் கோஷ்டியே அது.

கோவில்பட்டிக் கரிசலில் இருந்துகொண்டு இலங்கைப் பெண்களைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். நமக்கு அடுத்த துறைமுகம் தூத்துக்குடி. அதற்கு அடுத்த துறை கொழும்பு. ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-ம் வருஷத்தில் கம்பெனி அமைத்துக் கப்பல் விட்டதும் அந்த மார்க்கத்தில்தான். மழை பொய்த்த காலங்களில் இந்தப் பக்கத்து ஜனங்கள் தேயிலைத் தோட்டங்களை நாடிக் கடல் கடந்ததும் அந்தத் தீவுக்கே. அத்தீவின் சுக துக்கங்கள் நமக்கு அந்நியமல்ல. அதோடு, அங்கே நடந்திருப்பதில் நமக்கு வேண்டிய பாடமும் இருக்கிறது.

முதலில் சரித்திரத்தைச் சொல்லிவிடுவோம். தெற்காசிய தேசங்களின் பெண்களுக்கான காற்பந்துப் போட்டி 2010-ம் வருஷத்தில் வங்காள தேசத்தில் காக்ஸ் பஜாரில் ஆரம்பமாயிற்று. இலங்கைப் பெண்கள் 2012, 2014, 2019 ஆகிய மூன்று வருஷங்களில் அரையிறுதிப் பந்தயம் வரை வந்தார்கள். அதற்கு மேல் ஒரு தடவையும் ஏறவில்லை. 2014-ல் இந்தியாவிடம் ஐந்து கோல்களிலும், 2019-ல் நேபாளத்திடம் நான்கு கோல்களிலும் தோற்றார்கள். இரண்டிலும் அவர்கள் பதிலுக்கு ஒரு கோல்கூடப் போடவில்லை. 2022-ல் காட்மாண்டுவில் ஆடிய இரண்டு பந்தயங்களிலும் தோற்றுத் திரும்பினார்கள்.

இந்தக் கணக்கைக் கோர்ட்டு வராந்தாவில் நண்பர் ஒருவரிடம் சொன்னபோது அவர், "சின்னத் தீவுதானே, அவ்வளவுதான் வரும்" என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். இந்தத் தீர்ப்பு செல்லாது என்பது நமது வாதம்.

ஜமெய்க்காவும் தீவுதான். அதன் ஜனத்தொகை முப்பது லட்சத்துக்கும் குறைவு. இலங்கையின் ஜனத்தொகையோ இரண்டு கோடிக்கு மேல். ஜமெய்க்காவிலும் பணமில்லை என்று பெண்கள் கோஷ்டியையே ஒரு காலத்தில் கைவிட்டிருந்தார்கள். புகழ்பெற்ற பாடகர் பாப் மார்லியின் புதல்வி செடெல்லா மார்லி முன்வந்து ஆதரிக்கவே, 2014-ல் அது மறுபடியும் உயிர் பெற்றது. 2019-ல் கரீபியன் பிரதேசத்திலிருந்து உலகக் கோப்பைக்குச் சென்ற முதல் பெண்கள் கோஷ்டி அதுவே. 2023-ம் வருஷத்து உலகக் கோப்பையில் பிரான்ஸையும் பிரேஸிலையும் எதிர்த்து நின்று, பிரிவுப் பந்தயங்கள் மூன்றிலும் ஒரு கோல்கூட விழ விடாமல் காத்து, கடைசிப் பதினாறு தேசங்களுள் ஒன்றாக வந்தது. அந்தப் பயணத்துக்கு வேண்டிய செலவுக்கே ஆட்டக்காரி ஒருத்தியின் தாயார் பொதுஜனங்களிடம் நிதி திரட்ட வேண்டியிருந்தது என்பதையும் மறக்கலாகாது. எனவே, தீவு சிறியதென்பது காரணமாகாது.

பிறகு எது காரணம்? வங்காள தேசம் இதற்கு விடை சொல்லும். 2012-ல் இலங்கைப் பெண்கள் அரையிறுதிக்குப் போன அதே போட்டியில் வங்காள தேசத்துப் பெண்கள் முதற் சுற்றிலேயே வெளியேறினார்கள். பத்து வருஷம் கழித்து, 2022-ல், அவர்களே தெற்காசியாவின் வெற்றி வீராங்கனைகள், 2024-லும் அவர்களே. 2026-ம் வருஷத்து ஆசியக் கோப்பைக்கும் முதன்முறையாகத் தகுதி பெற்றார்கள். இந்த மாறுதல் மந்திரத்தால் வந்ததன்று. 2011 முதல் ஆரம்பப் பள்ளிச் சிறுமிகளுக்கென்று தேசம் முழுவதும் காற்பந்துப் போட்டி நடத்தினார்கள். மைமன்சிங் ஜில்லாவில் கல்சிந்தூர் என்ற குக்கிராமத்தின் பள்ளிக்கூடத்துச் சிறுமிகள் அதில் வென்று, பின்னர் தேசத்துக்காக ஆடினார்கள். பள்ளிக்கூடம், திடல், வருஷந்தோறும் தவறாமல் பந்தயம் ஆகிய இம்மூன்றையும் கொடுத்தார்கள், பலன் கிடைத்தது.

இலங்கைப் பெண்களுக்குக் கிடைத்ததென்ன? சர்வதேசக் காற்பந்துச் சம்மேளனமான பிஃபா, 2023 ஜனவரி 21-ந் தேதி இலங்கைச் சம்மேளனத்தைத் தள்ளிவைத்தது. சம்மேளனத்தின் தேர்தலிலும் நிர்வாகத்திலும் வெளியார் தலையீடு இருந்தது என்பது குற்றச்சாட்டு. அந்த வருஷம் ஆகஸ்டு மாதத்தில்தான் தடை நீங்கியது. இடையிலிருந்த ஏழு மாத காலமும் ஆண்களாகட்டும், பெண்களாகட்டும், சிறுவர்களாகட்டும், இலங்கையின் பெயரால் ஒருவரும் களத்தில் இறங்க முடியவில்லை.

சட்டம் படித்தவர்கள் இதைச் சிறிது யோசிக்க வேண்டும். நாற்காலிக்காகச் சண்டையிட்டவர்கள் நிர்வாகிகள். தண்டனை அடைந்தவர்களோ பந்தைத் தவிர வேறொன்றுமறியாதவர்கள். ஆண்களுக்கு அது ஒரு பருவத்தின் நஷ்டம். வருஷத்தில் ஏதோ சில பந்தயங்களே வாய்க்கும் பெண்களுக்கோ ஏழு மாதம் என்பது ஆட்ட வாழ்க்கையின் பெரும்பகுதி. இருபத்தைந்து வயதில் வீட்டார் கலியாணப் பேச்செடுக்கும் பெண்ணுக்கு, இழந்த ஏழு மாதத்தை எந்தச் சம்மேளனம் திருப்பிக் கொடுக்கும்?

இலங்கையைப் பார்த்து நாம் சிரிப்பதற்கும் இடமில்லை. அதற்கு முந்தின வருஷந்தான், 2022 ஆகஸ்டு மாதத்தில், இதே காரணத்துக்காக நமது இந்தியச் சம்மேளனத்தையும் பிஃபா தள்ளிவைத்தது. ஆசியக் கழகங்களின் போட்டிக்காகக் கோகுலம் கேரளா பெண்கள் கோஷ்டி தாஷ்கெண்ட் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்த சமயம் அது. பந்தைத் தொடாமலே அவர்கள் திரும்ப நேர்ந்தது. பதினொரு நாளில் தடை நீங்கிவிட்டது. ஆனால் அவர்களுடைய போட்டி போனது போனதுதான். அதற்கும் முன்னே, 2009-ல், நெடுநாள் பந்தயமே ஆடவில்லை என்பதால் இந்தியப் பெண்கள் கோஷ்டியின் பெயர் உலக வரிசைப் பட்டியலிலிருந்தே எடுக்கப்பட்டது. அவர்கள் ஆட மறுத்தார்களா? பந்தயம் ஏற்பாடு செய்வாரில்லை என்பதே உண்மை.

அடுத்தபடியாக ஜீவனோபாயத்தைக் கவனிப்போம். இலங்கையில் பெண்கள் காற்பந்தில் முன்னணியில் நிற்பவை தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகியவற்றின் கோஷ்டிகள். படையில் உத்தியோகம் கிடைத்தால் சம்பளம் உண்டு, மைதானம் உண்டு, பயிற்சியும் உண்டு. இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையை எண்ணிப் பாருங்கள். 1910-ல் துரையப்பாபிள்ளை ஸ்தாபித்த மகாஜனாக் கல்லூரி அங்கே இருக்கிறது. அதன் மாணவிகள் அகில இலங்கைப் பள்ளிக்கூடப் போட்டிகளில் காற்பந்தில் வெற்றிக் கோப்பை பெற்றவர்கள். 1990-ல் யுத்தம் காரணமாக அந்த வட்டாரமே இடம்பெயர்ந்தது; வீடுகளும் நிலங்களும் நெடுங்காலம் ராணுவத்தின் வசத்தில் இருந்தன. அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்த பெண் பள்ளிப் படிப்பு முடிந்த பின்னும் காற்பந்தாட விரும்பினால், அவளுக்குத் திறந்திருக்கும் பிரதான வாயில் படையின் வாயிலே! அதில் அவள் எவ்வளவு எளிதாக நுழைய முடியும் என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை. திறமை தெல்லிப்பழையில் இருக்கிறது. சம்பளம் வேறிடத்தில் இருக்கிறது. தேசக் கோஷ்டியின் பலவீனத்துக்கு வேறு சாட்சியம் தேடுவானேன்?

பெண்களின் தேகத்துக்கு இந்த விளையாட்டு ஒவ்வாது என்று சொல்லுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இது அவர்களுடைய சொந்தச் சரக்கல்ல, இங்கிலாந்திலிருந்து இறக்குமதியானது. முதல் மகா யுத்த காலத்தில் பிரஸ்டன் நகரத்து டிக்-கெர் ஆலையில் வெடிகுண்டுகள் செய்த பெண் தொழிலாளிகள் 1917-ல் காற்பந்துக் கோஷ்டி ஒன்றை அமைத்தார்கள். 1920 டிசம்பர் 26-ந் தேதி லிவர்பூலில் அவர்கள் ஆடிய பந்தயத்தைப் பார்க்க 53,000 ஜனங்கள் கூடினார்கள். வசூலான பணம் தர்ம காரியத்துக்குப் போயிற்று. மறு வருஷம் டிசம்பர் 5-ந் தேதி அந்நாட்டுக் காற்பந்துச் சங்கத்தார், இந்த ஆட்டம் பெண்களுக்குத் தகாது என்று தீர்மானம் செய்து, தங்கள் சங்கத்தைச் சேர்ந்த மைதானங்களைப் பெண்களுக்கு அடைத்துவிட்டார்கள். அந்தக் கதவு மறுபடியும் திறக்க 1971 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. வெடிமருந்தில் கை வைத்தபோது தகாமற்போகாத தேகம் பந்தில் கால் வைத்தவுடன் தகாமற்போய்விட்டது! பெண்களின் ஆட்டத்தைப் பார்க்க ஜனங்கள் வராமையால் தடை வரவில்லை. ஏராளமாக வந்த பிறகே தடை வந்தது. இதை வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆலைப் பெண்களின் கதை நம் வாசலிலேயே வந்து நிற்கிறது. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரங்களில் தீப்பெட்டி ஆபீசுகளில் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்களே. ஒரு தலைமுறைக்கு முன்னே பள்ளிக்கூடம் போக வேண்டிய சிறுமிகளும் அங்கே கட்டை அடுக்கினார்கள், பெட்டி ஒட்டினார்கள். 1986-ம் வருஷத்துச் சட்டமும், 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பும் அந்தக் கைகளை விடுவிக்கத் துணை செய்தன. சிறுமி பள்ளிக்கூடம் போனாள். அங்கே அவளுக்கு விளையாட இடம் உண்டா? 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், பள்ளிக்கூடம் என்றால் விளையாட்டுத் திடல் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. சாயங்காலத்தில் எந்தக் கிராமத்துத் திடலையாவது போய்ப் பாருங்கள். பையன்கள் ஆடிக்கொண்டிருப்பார்கள்; பெண்கள் குடத்தோடு ஓரமாக நடந்து போவார்கள். சட்டத்தின் அட்டவணையில் ஆண் திடல், பெண் திடல் என்ற பிரிவினை கிடையாது. அதை எழுதியவர்கள் நாம்.

கோவில்பட்டிக்கு விளையாட்டு புதிதன்று. ஹாக்கி இந்த ஊரின் பெருமை. அகில இந்தியப் போட்டி நடக்கும் நாட்களில் ஊரே மைதானத்தில் இருக்கிறது. செயற்கைப் புல்தரை வந்தது. மாணவர் விடுதி வந்தது. இவ்வூர் மாரீஸ்வரன் இந்தியாவுக்காக ஆடும் நிலையும் வந்தது. மழையில் காலைக் கவ்வி இழுப்பதும், கோடையில் பாளம் பாளமாக வெடிப்பதுமான இந்தக் கரிசல் மண்ணிலே இவ்வளவும் விளைந்திருக்கிறது. நீர் பாய்ச்சின இடத்தில் விளைந்தது என்பதே இதன் பொருள். பெண்களின் பக்கம் அந்த வாய்க்காலைத் திருப்பினால் விளையாதா?

விளையும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே அத்தாட்சி உண்டு. 2018-ல் கட்டாக் நகரில் மணிப்பூரை வென்று தமிழ்நாட்டுப் பெண்கள் தேசியப் பட்டம் பெற்றார்கள். 2023-ல் அமிருதசரஸில் ஹரியானாவை வென்று மறுபடியும் பெற்றார்கள். 2019-ல் மதுரைச் சேது கழகம் இந்தியப் பெண்கள் லீக் பட்டத்தைக் கொண்டுவந்தது. இந்தியாவுக்காக ஆடிய கடலூர் இந்துமதி கதிரேசனுக்குத் தமிழ்நாட்டுப் போலீசில் சப்-இன்ஸ்பெக்டர் உத்தியோகம் கிடைத்தது. மதுரை நமக்குத் தொலைதூரமல்ல.

பசியும் வறட்சியும் இருக்கும் சீமையில் பந்தாட்டமா முக்கியம் என்று அரசியல் ஊழியர்கள் சிலர் முகம் சுளிக்கக் கூடும். அவர்களுக்கு நமது விடை இது: கூட்டத்துக்குப் பெண்கள் வருவதில்லை, வந்தாலும் வாய் திறப்பதில்லை என்று குறைப்படுகிறவர்கள் நீங்களே. பதின்மூன்று வயதில் ஒரு பெண்ணைத் திடலிலிருந்து வீட்டுக்குள் அனுப்பிவிட்டு, முப்பது வயதில் அவள் பொது மேடையில் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த நியாயத்தில் சேரும்? நாலு பேர் பார்க்க ஓடவும், விழுந்து எழவும், தோற்றுவிட்டு மறுநாள் திரும்பி வரவும் பழகினவள் எதற்கும் அஞ்ச மாட்டாள்.

நாம் கோருவது பெரிதன்று. ஒவ்வொரு பள்ளித் திடலிலும் வாரத்தில் மூன்று சாயங்காலமேனும் பெண்களுக்கென்று ஒதுக்கட்டும். யூனியன்தோறும் சிறுமிகளுக்கு வருஷம் ஒரு போட்டி தவறாமல் நடக்கட்டும். நன்றாக ஆடுகிறவளுக்குப் பஞ்சாலை முதலாளிகளும் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளிகளும் உத்தியோகம் கொடுக்கட்டும். விளையாட்டுச் சங்கங்களின் நிர்வாகத்தில் ஆடின பெண்களுக்கு இடம் இருக்கட்டும்; நிர்வாகிகள் சண்டையிட்டால் அதன் பலனை நிர்வாகிகளே அனுபவிக்கட்டும், ஆட்டக்காரிகள் அல்ல.

இலங்கைப் பெண்கள் மறுபடியும் தோற்கலாம். தோற்றாலும் அவர்கள் சட்டையை மாட்டிக்கொண்டு களத்தில் இறங்கியவர்கள். நம் கரிசல் கிராமத்துப் பெண்ணுக்கோ தோற்பதற்குக்கூட ஒரு பந்தயம் கிடைக்கவில்லை. கூடத்தின் கோணலை முதலில் நிமிர்த்துவோம். ஆடத் தெரியுமா தெரியாதா என்பதை அதற்குப் பிறகு கேட்போம்.