சுருட்டை முடியா, ரீபோண்டிங்கா?



தீபாவளியோ கல்யாணமோ நெருங்கினால் குளுவாங், சிகாமட் சலூன்களில் நம் பெண் பிள்ளைகளைப் பார்க்கலாம். "ரீபோண்டிங் செஞ்சாத்தாம்மா முடி படியுது" என்று மகள் கேட்பாள். சில நூறு ரிங்கிட் போகும். செய்வதும் விடுவதும் உங்கள் இஷ்டம். ஆனால் தலையில் பூசுவது என்னவென்று தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

பால்மரக் காட்டில் உழைத்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால்தான் அது டயராக வடிவம் பிடித்து நிற்கும். நம் முடியிலும் கந்தகப் பிணைப்புகள் இருக்கின்றன. சுருட்டை நிற்பது அவற்றால்தான். ரீபோண்டிங் மருந்திலுள்ள தயோகிளைகோலேட் அந்தப் பிணைப்பை அறுக்கிறது. பிறகு சூட்டு இரும்பால் இழுத்து நேராக்கி, இன்னொரு மருந்தால் பூட்டிவிடுகிறார்கள். 'ரிலாக்சர்' என்று விற்கும் சிலவற்றில் காஸ்டிக் சோடாவே இருக்கிறது. ஒருவகை போட்ட முடியில் மற்றவகை போட்டால் முடி ஒடிந்து கையோடு வந்துவிடும்.

இன்னொன்று. முடி மாதம் சுமார் 1 சென்டிமீட்டர் வளரும். புதிதாக வருவது சுருட்டைதான். ஆறு மாதத்தில் மேலே சுருட்டை, கீழே கம்பி. இரண்டும் சேரும் இடத்தில் அறும். அதனால் மறுபடி சலூன். ஒருநாள் கல்யாணத்துக்கென்று தொடங்கியது வருடக் கணக்கில் ஓடும். செய்த இரண்டு மூன்று நாளுக்கு நனைக்கக் கூடாது, கட்டக் கூடாது என்றும் சொல்வார்கள். விடியலில் கொண்டை போட்டுத் துணி கட்டிப் பெரட்டுக்குப் போகிறவளுக்கு அது நடக்கிற காரியமா?

'கெரட்டின்' சிகிச்சை இன்னும் மோசம். அவற்றில் பல, சூடு பட்டதும் ஃபார்மால்டிஹைட் ஆவியை விடும். பிணம் கெடாமலிருக்கப் போடும் ஃபார்மலின் சரக்குதான் அது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் அறிவித்தது. "எங்க மருந்துல ஃபார்மலின் இல்ல" என்றால் உடனே நம்பிவிடாதீர்கள். பதிலுக்குச் சேர்க்கும் கிளைஆக்ஸிலிக் அமிலம் பற்றி 2024இல் பிரெஞ்சு மருத்துவர்கள் எழுதினார்கள். 26 வயதுப் பெண் ஒருத்தி 2020, 2021, 2022 என மூன்று தடவை முடியை நேராக்கினாள். மூன்று தடவையும் சிறுநீரகம் பழுதுபட்டது. வாந்தி, முதுகுவலி, தலையில் எரிச்சல் வந்தன.

அமெரிக்காவில் 33,497 பெண்களை ஏறக்குறைய 11 ஆண்டு கவனித்து 2022இல் ஒரு கணக்குச் சொன்னார்கள். 70 வயதுக்குள் கர்ப்பப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு, முடி நேராக்கும் மருந்தைத் தொடாதவர்களுக்கு 1.64 சதவீதம், வருடத்தில் நான்கு தடவைக்கு மேல் போட்டவர்களுக்கு 4.05 சதவீதம். எந்த மருந்து என்று அவர்கள் கேட்கவில்லை, மருந்துதான் காரணம் என்று நிரூபணமும் ஆகவில்லை. பீதி வேண்டாம், ஆனால் அடிக்கடி செய்வது நல்லதல்ல.

சலூனில் வேலை செய்யும் பிள்ளையையும் நினைத்துப் பாருங்கள். உங்களுக்கு வருடத்தில் ஒருநாள் ஆவி. அவளுக்கு நாள் முழுக்க. மருந்து அடிக்கும் பெண்கள் பட்ட பாட்டை நாம் பார்த்தவர்கள்தானே? பாராகுவாட் இந்த நாட்டில் 2020இல்தான் தடையானது. அவளும் தொழிலாளிதான். கையுறையும் காற்றோட்டமும் அவளுக்கும் வேண்டும்.

செய்துதான் ஆக வேண்டுமென்றால், மருந்து டப்பாவை வாங்கிப் பாருங்கள். சுகாதார அமைச்சின் என்.பி.ஆர்.ஏ.விடம் அறிவித்த சரக்கில் என், ஓ, டி என்ற எழுத்துகளோடு தொடங்கும் எண் இருக்கும். டப்பாவைக் காட்ட மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். தலையில் புண், சிரங்கு இருந்தால் வேண்டாம். கர்ப்பிணிகள் தள்ளிப் போடுங்கள். எரிந்தால் "கொஞ்சம் பொறுங்க" என்பதைக் கேட்காதீர்கள், உடனே அலசச் சொல்லுங்கள். அதன்பின் வாந்தியோ முதுகுவலியோ வந்தால் கிளினிக்குக்குப் போய், முடிக்கு மருந்து போட்டதை மறைக்காமல் சொல்லுங்கள்.

வேண்டாம் என்பவர்களுக்குத் தேங்காய் எண்ணெய் போதும். குளிக்கும் முன் தேய்த்தால் முடியின் புரதம் கழுவிப் போவது குறைகிறது என்று 2003இல் மும்பை ஆய்வொன்று காட்டியது. செய்தது எண்ணெய்க் கம்பெனிதான், அதையும் சொல்லிவிடுகிறேன். சுருட்டை முடியை ஈரத்தில், அகலப் பல் சீப்பால், நுனியிலிருந்து மேலே சிக்கெடுங்கள்.

ஏற்கெனவே நேராக்கியவர்கள், பழைய முடி திரும்ப வர மருந்து தேடாதீர்கள், கிடையாது. வளர வளரக் கீழே வெட்டிக்கொண்டே வர வேண்டும். தோள்வரை சுருட்டை வர இரண்டு வருடமாவது பிடிக்கும்.