தடியா, பலகையா? மரத்துக்குச் சுங்கம் கொடுக்கும் எண்

காந்திதாமில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு மரத்தடிகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. காண்ட்லா துறைமுகத்திலிருந்து (2017 முதல் இதன் பெயர் தீனதயாள் துறைமுகம்) தடிகளை ஏற்றிய லாரிகள் நம் வீட்டு வாசல் வழியாகத்தான் போகின்றன. அறுவை மில்களிலும் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகங்களிலும் நம் பிள்ளைகள் பலர் வேலை பார்க்கிறார்கள். அப்படி ஒரு பிள்ளை சில மாதங்களுக்கு முன் மாலை வேளையில் என்னைத் தேடி வந்தான். முகம் வாடியிருந்தது.

"மாமா, ஈக்வடார் நாட்டிலிருந்து தேக்கு வந்திருக்கு. நான் 4407-னு எண் போட்டுட்டேன். சரக்கு நிக்குது. தினமும் டெமரேஜ் ஏறுது. என் சம்பளத்துல பிடிச்சிடுவாங்களோன்னு பயமா இருக்கு" என்றான்.

சுங்கம் எனக்குத் துறையல்ல. நான் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் முப்பத்தைந்து வருடம் இருந்தவன். ஆனால் மரக்கட்டைகளை அளந்து, தட்டிப் பார்த்து, ஏற்பதும் தள்ளுவதும் என் வேலையாக இருந்தது. அவன் கொண்டுவந்த புத்தகத்தை இருவரும் சேர்ந்து படித்தோம். அன்று புரிந்துகொண்டதை நம் குடும்பங்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

எண் எங்கிருந்து வருகிறது?

ஒரே பொருளை ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு பெயரில் அழைத்தால் வியாபாரம் நடக்காது. எனவே 1983-ல் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஓர் உடன்படிக்கை செய்தார்கள். அது 1988 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதுதான் ஹார்மனைஸ்டு சிஸ்டம், சுருக்கமாக எச்.எஸ். எண். முதல் இரண்டு இலக்கம் அத்தியாயம், நான்கு இலக்கம் தலைப்பு, ஆறு இலக்கம் உட்பிரிவு. ஆறு இலக்கம் வரை உலகெங்கும் ஒன்றே. நம் நாட்டில் மேலும் இரண்டு சேர்த்து எட்டு இலக்கம். மரத்துக்கு உரியது 44-ஆம் அத்தியாயம்.

கை வைக்க வைக்க எண் மாறும்

இந்த அத்தியாயத்தின் ஒழுங்கைப் பார்த்து நான் வியந்தேன். மரத்தின்மேல் மனிதனின் உழைப்பு எவ்வளவு ஏறியிருக்கிறதோ, பெரும்பாலும் அந்த வரிசையில்தான் எண்கள் அமைந்திருக்கின்றன.

விறகு, மரத்தூள், கழிவு 4401. கரி 4402. வெட்டிய தடி, பட்டையோடு இருந்தாலும் உரித்திருந்தாலும் 4403. நம் ஊரில் பந்தலுக்கும் சாரத்துக்கும் நடும் சவுக்குக் கம்பம் முழு உருளையாக இருந்தால் அதுவும் 4403-தான். அதன் ஒரு முனையைக் கூராகச் சீவி, நெடுக அறுக்காமல் முளையாக்கினால் 4404. கைத்தடிக்கோ சுத்தியல் பிடிக்கோ ஏற்றதாக முரடாகச் செதுக்கிய குச்சி, கடையாமல் வளைக்காமல் இருக்கும் வரை, அதுவும் 4404. அதையே கடைந்து பிடியாக முடித்துவிட்டால் 4417. முழுமையான கைத்தடி ஆகிவிட்டால் 44-ஆம் அத்தியாயத்தையே விட்டு 6602-க்குப் போய்விடும்.

நெடுக அறுத்த மரம், கனம் 6 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் 4407. இழைப்புளி போட்டு வழவழப்பாக்கினாலும் அதே எண்தான். 6 மில்லிமீட்டரும் அதற்குக் குறைவுமான மெல்லிய தகடு 4408. ஓரத்தில் நெடுகப் பள்ளமோ நாக்கோ எடுத்தால் 4409. பிளைவுட் 4412. கதவு, ஜன்னல் 4418.

மரம் போலத் தோன்றுவதெல்லாம் இங்கே சேராது. முடைவதற்கு உதவும் பச்சை மூங்கில் 1401. மருந்துக்கும் வாசனைக்கும் பயன்படும் சந்தனச் சிராய் 1211.

ஸ்லீப்பருக்குத் தனி நாற்காலி

என் பழைய நண்பனான ஸ்லீப்பர் கட்டைக்கு 4406 என்று தனி எண் இருப்பதைக் கண்டு மகிழ்ந்தேன். பிராட்கேஜ் மரக் கட்டையின் அளவு 275 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம், 13 செ.மீ. கனம். அறுத்த மரம்தானே, 4407-ல் சேர்த்தால் என்ன என்று கேட்கலாம். அறுத்த விதத்தை விட அதன் உபயோகம் இங்கே முக்கியம். இழைக்காத கட்டை, தண்டவாளம் தாங்குவதற்கென்றே வெட்டியது. டாக் ஸ்பைக் அடிக்கத் துளை போட்டிருந்தாலும், முனை பிளக்காமல் இருக்க இரும்புப் பட்டை அடித்திருந்தாலும் எண் மாறாது. பாயின்ட்ஸ் அண்டு கிராஸிங்கில் வைக்கும் நீளக் கட்டையும், பாலத்துக் கட்டையும் இதில் அடக்கம். கிரியோசோட் போன்ற மருந்து ஏற்றியதா இல்லையா என்பதற்கும், ஊசியிலை மரமா மற்ற மரமா என்பதற்கும் உட்பிரிவு உண்டு.

இன்று நம் தடங்களில் பெரும்பாலும் கான்கிரீட் ஸ்லீப்பர்தான். அது 6810. இரும்பு ஸ்லீப்பர் 7302. மூன்றும் செய்யும் வேலை ஒன்றே. ஆனால் செய்பொருள் வேறு என்பதால் மூன்று அத்தியாயம்.

பையனின் தேக்கு

இப்போது அந்தச் சிக்கலுக்கு வருவோம். மியான்மர் 2014 ஏப்ரல் 1 முதல் தடி ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. அதன்பின் தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கத் தோட்டத் தேக்குக்கு நம் சந்தையில் முக்கியத்துவம் கூடியது. கண்டெய்னரில் இடம் வீணாகாமல் இருக்க, உருண்டைத் தடியை நான்கு பக்கமும் முரடாகத் தட்டையாக்கி அனுப்புகிறார்கள். நம் பையன் நான்கு பக்கத்தைப் பார்த்தான். "அறுத்த மரம்" என்று எழுதிவிட்டான். ஏற்றுமதி நாட்டுக் காகிதங்களிலோ "முரடாகச் சதுரித்த தடி" என்று இருந்தது. இரண்டும் பொருந்தாததால் சரக்கு நின்றது. தடிக்கு வரி குறைவு, அறுத்த மரத்துக்கு அதிகம் என்பதால் இந்த வித்தியாசம் பணத்தையும் தொடும்.

விளக்கக் குறிப்பு தெளிவாகச் சொல்கிறது: கோடாலி, வாச்சி அல்லது முரட்டு ரம்பத்தால் ஏறக்குறையச் சதுரமாக்கிய தடி 4403-லேயே நிற்கும். அதன் அடையாளம், சொரசொரப்பான இடங்களும் பட்டையின் மிச்சமும். தேக்கை ஆப்பு வைத்துப் பிளந்தும், இழையோட்டத்தின்படி செதுக்கியும் செய்த கட்டைகளும் முரடாகச் சதுரித்தவையே என்று தேக்கின் பெயரையே சொல்லியிருக்கிறது. மூலைகள் கூர்மையாக, அளவுக்கு அறுத்த உத்தரமும் பலகையும்தான் 4407.

"தம்பி, காகிதத்தை மூடிவை. நாளைக்குப் போய் நான்கு மூலையையும் பார், படம் எடு" என்றேன். மறுநாள் படங்களோடு வந்தான். ஏறக்குறைய எல்லாக் கட்டையிலும் மூலையில் பட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. அலுவலகம் திருத்த விண்ணப்பம் கொடுத்தது. அதிகாரி நேரில் பார்த்து 4403 என ஏற்றுக்கொண்டார். ஆனால் அதற்குள் ஏறிய டெமரேஜில் ஒரு பங்கை அவன் சம்பளத்தில் பிடித்தே விட்டார்கள். அந்த மாதம் ஊருக்கு அனுப்பும் பணத்தைக் குறைத்துக்கொண்டான். வேலை தப்பியது என்பதே ஆறுதல்.

நம் பிள்ளைகளுக்கு மூன்று வார்த்தை

முதலாவது, பெயரை நம்பி எண் போடாதீர்கள்; பொருளைக் கண்ணால் பாருங்கள். இரண்டாவது, எண் போடுமுன் அத்தியாயத்தின் தொடக்கக் குறிப்புகளைப் படியுங்கள். எது சேராது என்பது அங்கேதான் இருக்கிறது. மூன்றாவது, சந்தேகம் இருந்தால் சரக்கு வருமுன்னரே கேளுங்கள். சுங்கச் சட்டத்தில் முன்கூட்டியே தீர்ப்புப் பெறும் வழி உண்டு. வரியைக் குறைப்பதற்காக அறுத்த பலகையைத் தடி என்று எழுதச் சொன்னால் மட்டும் சம்மதிக்காதீர்கள். காகிதத்தை எழுதிக் கொடுத்த பிள்ளைதான் முதலில் மாட்டுவான்.

எங்கள் காலத்தில் ஒரு கட்டையை ஏற்பதற்கு முன் நான்கு பக்கமும் புரட்டிப் பார்ப்போம். மேஸ்திரி சொல்வார், "கட்டை பொய் சொல்லாது சார், நாமதான் சரியாப் பார்க்கணும்" என்று. சுங்கத்துக்கும் அது பொருந்தும்.