கமக்காரரின் பாதங்கள்

உழவெருது நொண்டினால் கமக்காரர் நுகத்தை இறக்கிவிட்டு முதலில் அதன் குளம்பையே தூக்கிப் பார்ப்பார். தமது பாதத்தில் முள் ஏறினாலோ, அறுவடை முடியட்டும் என்று இருந்துவிடுவார். வயல் வேலை முழுவதையும் தாங்குவது அந்தப் பாதமே என்பதை அவர் அறியாதவர் அல்லர். ஆயினும் அதற்கென ஐந்து நிமிடம் ஒதுக்குவதில்லை.

நாற்று நடுகைக் காலத்தில் நாள் முழுவதும் சேற்றில் ஊறும் தோல் வெளிறி மென்மையாகும். பின்பு விரலிடுக்குகளிலே பங்கசு பற்றிச் சேற்றுப்புண் உண்டாகும். இதற்கு முதல் மருந்து உலர்ந்த துணியே. கரையேறியதும் நல்ல நீரிலே சவர்க்காரமிட்டுக் கழுவி, ஒவ்வொரு விரலிடுக்கையும் ஈரமறத் துடைத்தல் வேண்டும். குதிவெடிப்பைப் பித்தத்தின் குற்றமெனச் சொல்வது வழக்கம். பெரும்பாலும் அது தோல் காய்ந்து தடிப்பதனாலேயே உண்டாகிறது. இரவிலே குதியில் தேங்காயெண்ணெய் பூசலாம். விரலிடுக்கில் பூசலாகாது.

வெடிப்பும் புண்ணும் வலிப்பதோடு நிற்பதில்லை; நோய்க்கு வாயிலாகவும் அமையும். மலம் கலந்த ஈரமண்ணில் வளரும் கொளுக்கிப்புழுவின் குடம்பி, வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுந்து, ஈற்றிலே குடலை அடைந்து இரத்தத்தை உறிஞ்சும். 1916 ஆம் ஆண்டிலேயே இலங்கைத் தோட்டங்களில் இதற்கெதிரான இயக்கம் தொடங்கப்பட்டது. எலியின் சிறுநீர் கலந்த வயல்நீரோ எலிக்காய்ச்சலைத் தரும். 2008 இல் இந்நோய் நாட்டிலே பெருமளவிற் பரவியது. வயலில் இறங்கிய ஓரிரு வாரங்களிற் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் கண்டால், உழவுக் களைப்பென்று எண்ணாது வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். வயலில் இறங்கியதையும் வைத்தியரிடம் கூறவேண்டும். விதைப்புக்கு முன்னரே பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு தடுப்பு மருந்து பற்றி விசாரித்தல் நன்று.

இறப்பர்ச் சப்பாத்து அணியும்படி சொல்வது எளிது. உழுத சேற்றிலே அது புதைந்து கழன்றுவிடும் என்று கமக்காரர் கூறுவதும் உண்மையே. ஆனால் வரம்பிலும் மாட்டுத் தொழுவத்திலும் மேட்டுநிலத் தோட்டத்திலும் செருப்பில்லாமல் நடக்க எக்காரணமும் இல்லை. மண்வெட்டியோ ஆணியோ காலிற் பட்டால், காயம் சிறிதாயினும் ஏற்புவலித் தடுப்பூசி பற்றி வைத்தியரைக் கேட்கவேண்டும்.

நீரிழிவு உள்ளவரின் நிலை வேறு. கமக்காரர் ஒருவரின் உள்ளங்காலில் அரிதாள் குத்தியது. நோவு தெரியாமையால் அவர் மூன்று நாள் அதன்மேலேயே நடந்தார். திண்ணையிற் படிந்த ஈரக்கறையைக் கண்டு மகள்தான் காலைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு விரலை இழந்து அவர் வீடு திரும்பியபோது காலபோக விதைப்புக் காலம் கடந்துவிட்டது. வயல் தரிசாய்க் கிடந்தது. நரம்பு மரத்த கால் நோவினால் எச்சரிக்காது. ஆகையால் கண்ணாற் பார்த்தே அறியவேண்டும். குனிய முடியாதவர் கண்ணாடியை நிலத்தில் வைத்துப் பார்க்கலாம்; வீட்டாரையும் கேட்கலாம்.

இத்தனை இடர் உண்டென்று நடையை விடலாகாது. முன்பு எருதின் பின்னே ஏக்கர்தோறும் நடந்தவர், இன்று மோட்டார்ச் சைக்கிளிலே வயற்கரை வரை சென்று திரும்புகிறார். நடக்கும்போது கெண்டைக்காற் றசை சுருங்கிக் காலின் குருதியை இதயத்தை நோக்கி மேலே தள்ளும். இரத்தத்திலுள்ள சீனியும் குறையும். புண்ணில்லாத பாதத்துக்குப் பொருத்தமான செருப்பணிந்து, காலையில் மதகு தொடங்கிக் கடைசி வரம்பு வரை அரைமணி நேரம் நடந்தாற் போதும். வரம்பில் நண்டு துளைத்த இடமும் அப்பொழுதே கண்ணிற்படும்.