புத்தகம் வந்தது, பாடம் நடந்ததா?

பையன் ஐந்தாம் வகுப்பு. இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தால் விழிக்கிறான்!

இப்படிப்பட்ட பிள்ளைகளைக் கைதூக்கி விட, "பிரதம்" என்ற தொண்டு நிறுவனம் ஒரு வழி கண்டது. 3, 4, 5-ம் வகுப்புப் பிள்ளைகளை வகுப்பு பார்க்காமல் பிரிக்க வேண்டும். எழுத்து தெரியாதவர்கள் ஒரு பக்கம். சொல் படிப்பவர்கள் ஒரு பக்கம். கதை படிப்பவர்கள் இன்னொரு பக்கம். அவரவருக்குத் தெரிந்த இடத்தில் இருந்து பாடம் தொடங்கும். அவ்வளவுதான்.

2008-ம் ஆண்டு பீகார், உத்தரகாண்ட் மாநில அரசுப் பள்ளிகளில் இது தொடங்கியது. ஆசிரியர்கள் பயிற்சி பெற்றார்கள். புத்தகங்களும் வந்து சேர்ந்தன.

ஆராய்ச்சியாளர்கள் வகுப்புக்குள் போய்ப் பார்த்தார்கள். புத்தகம் இருந்தது. ஆனால், பிள்ளைகளை யாரும் பிரிக்கவில்லை! பழைய பாடம் பழையபடியே நடந்தது. பிள்ளைகளின் படிப்பும் உயரவில்லை.

ஆசிரியர்களுக்குச் சொல்லித் தரத் தெரியாதா? தெரியும். அதே ஆண்டு பீகாரில் கோடை விடுமுறை முகாமில், அரசு ஆசிரியர்களே இந்த முறையில் கற்பித்தார்கள். பிள்ளைகள் முன்னேறினார்கள். பள்ளி திறந்ததும் பாடப் புத்தகத்தை முடிக்கும் அவசரம் வந்துவிட்டது. "பாடம் முடிந்ததா?" என்று கேட்க ஆள் உண்டு. "பையன் படிக்கிறானா?" என்று கேட்க ஆள் இல்லை. பாவம், ஆசிரியர் என்ன செய்வார்?

உத்தரகாண்டில் இன்னொரு வேடிக்கை. உதவிக்கு வந்த தொண்டர்களையும் வழக்கமான வகுப்பு எடுக்க வைத்துவிட்டார்கள்! அங்கே பலன் இல்லை. பீகாரில் தொண்டர்கள் பள்ளி நேரத்துக்கு வெளியே கற்பித்தார்கள். அங்கே பலன் இருந்தது.

அரியானாவில் விழிப்பு

2012-ம் ஆண்டு அரியானாவில் ஏற்பாட்டை மாற்றினார்கள். இதற்கென்றே தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கினார்கள். அந்த நேரத்தில் வேறு பாடம் கிடையாது.

கண்காணிக்கும் பொறுப்பு, அரசின் வட்டார மேற்பார்வையாளர்களுக்கு. அவர்களைச் சும்மா அனுப்பவில்லை. முதலில் 15, 20 நாட்கள் அவர்களே பிள்ளைகள் முன் நின்று பாடம் நடத்தினார்கள். பிறகுதான் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பள்ளி பள்ளியாகப் போய்ப் பார்த்தார்கள். தானே செய்து பார்த்தவர் கண்ணில் மண்ணைத் தூவ முடியுமா?

இந்திப் படிப்பு உயர்ந்தது. கணக்கை இந்த முறையில் நடத்தவில்லை. கணக்கு உயரவும் இல்லை.

இதை ஆராய்ந்தவர்களில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூப்லோ தம்பதியும் உண்டு. 2019-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற மூவரில் இருவர் இவர்கள்தான்.