காணாமற்போன நூறு நாட் கடிதங்கள்

2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 26ஆந் திகதி இலங்கை அரசின் மின்னஞ்சல் ஏற்பாட்டைத் தீய நிரல் ஒன்று தாக்கியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, அவற்றைத் திறந்துவிடுவதற்குக் கப்பம் கேட்கும் வகையைச் சேர்ந்தது அந்நிரல். அமைச்சரவை அலுவலகம் உட்பட, ‘கவ் டொட் எல்கே’ என முடியும் ஏறத்தாழ 5,000 முகவரிகள் அதற்கு இரையாயின. பொறுப்பாயிருந்த தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையத்தினர் பன்னிரண்டு மணி நேரத்துள் இயந்திரங்களை மீண்டும் இயங்கச் செய்தனர். மே மாதம் 17ஆந் திகதி முதல் தாக்குதல் நிகழ்ந்த நாள் வரை வந்து சேர்ந்த கடிதங்களோ மீளவில்லை.

நூறு நாட் கடிதங்கள்! பிரதி எடுக்கும் வழக்கமே இல்லாதிருந்ததா என்று நேயர்கள் வினவலாம். பிரதி இருந்தது. ஆனால் அதுவும் அதே வலையமைப்பிலே தொடுக்கப்பட்டிருந்தது. மூலத்தைப் பூட்டியவர் பிரதியையும் பூட்டிவிட்டனர். வலையிலிருந்து கழற்றித் தனியே வைத்த பிரதி அக்காலப் பகுதிக்கு இருக்கவில்லை.

மின்னஞ்சல் எவ்வாறு தங்குகிறது என்பதைச் சிறிது விளங்கிக்கொண்டால் இந்நிகழ்ச்சியின் தன்மை தெளிவாகும். ஒருவர் அனுப்பும் கடிதம் முதலில் அவருடைய சேவையகத்திலே வரிசையில் நிற்கிறது. பெறுபவரின் சேவையகம் பதில் சொல்லாவிட்டால் அக்கடிதம் உடனே திரும்பிவிடுவதில்லை. சிறிது நேரம் பொறுத்து மறுபடியும் முயலும். குறைந்தது நான்கைந்து நாட்களேனும் இவ்வாறு முயலவேண்டும் என்பது இணைய அஞ்சலின் பொது விதி. ஆகவே சேவையகம் ஓர் இரவு மூடிக்கிடந்தால் பெரிய இழப்பில்லை. வரவேண்டிய கடிதம் வாசலிலே காத்திருக்கும். இழக்கப்படுவது ஏற்கனவே வந்து, வாங்கி வைக்கப்பட்ட கடிதம். அதனை அனுப்பியவரின் சேவையகம், கொடுத்தாயிற்று என்று தன் வரிசையிலிருந்து நீக்கிவிட்டது. சேவை நிற்காதிருத்தல் ஒன்று, கடிதம் அழியாதிருத்தல் மற்றொன்று. கந்தோர்களில் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவோரே மிகுதி.

முற்காலத்தில் இரண்டு சேவையகங்களை நிறுத்தி, இரண்டுக்கும் பொதுவான ஒரே சேமிப்புக் களஞ்சியத்தை வைப்பது வழக்கம். ஓர் இயந்திரம் படுத்துவிட்டால் மற்றது அக்களஞ்சியத்தை ஏற்று நடத்தும். விலையோ மிக அதிகம். அவ்வளவு செலவிட்டும் அது ஒரே கிணற்றுக்கு இரண்டு துலா அமைத்தது போன்றதே. கிணறு தூர்ந்துவிட்டால் துலா இரண்டிருந்து என்ன பயன்?

பொதுக் களஞ்சியம் இல்லாமலே காரியத்தை நடத்தும் முறை பின்னர் வந்தது. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்ச் என்னும் மென்பொருளில், 2010ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து, பதினாறு சேவையகங்கள் வரை ஒரு குழுவாகச் சேரலாம். ஒவ்வொன்றும் தன் சொந்த வட்டிலேயே எழுதும். ஒன்றின் எழுத்து மற்றொன்றை எப்படி அடைகிறது? பழைய கடைகளில் சிட்டையும் பேரேடும் எழுதிய முறையை அறிந்தவர்க்கு இது எளிதில் விளங்கும். கொடுக்கல் வாங்கல் யாவும் நடந்த வரிசைப்படி முதலில் சிட்டையில் ஏறும். பின்பு அவரவர் கணக்கு நோக்கிப் பேரேட்டில் பதியப்படும். மின்னஞ்சல் சேவையகமும் அவ்வாறே, ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் ஒரு சிட்டையில் எழுதுகிறது. எக்ஸ்சேஞ்சில் அச்சிட்டை ஒரு மெகாபைட் அளவுள்ள துண்டுகளாக அமையும். அத்துண்டுகளை மற்றச் சேவையகத்துக்கு அனுப்பினால், அது அவற்றைப் படித்துத் தன் பேரேட்டிலும் பதிந்துகொள்ளும். இங்கே பயணம் செய்வது சிட்டை மாத்திரமே. பேரேட்டைச் சுமந்து செல்ல வேண்டியதில்லை.

கொட்டாஞ்சேனையில் தலைமைக் கந்தோரும் வெள்ளவத்தையில் கிளையும் உள்ள ஒரு வியாபார நிலையத்தை எண்ணிக்கொள்வோம். ஆளுக்கொரு சேவையகம், இடையிலே சாதாரண இணைய இணைப்பு. கொட்டாஞ்சேனையில் வட்டு உடைந்தால் வெள்ளவத்தை பொறுப்பேற்கும். ஆனால் இரு சேவையகங்களும் நலமாயிருக்க, இடையிலுள்ள இணைப்பு மாத்திரம் அறுந்தால்? மற்றது இறந்துவிட்டது என்று ஒவ்வொன்றும் நினைக்கும். இரண்டும் தனித்தனியே கடிதம் வாங்கத் தொடங்கும். பின்னர் எந்தப் பேரேடு மெய்யென்று தீர்க்க இயலாது. இதனைத் தடுப்பதற்குச் சாட்சி ஒன்று வைக்கப்படுகிறது. மொத்தம் மூன்று வாக்குகள். இரண்டு சேர்ந்தால்தான் பணி நடக்கும். செலவு சுருக்கும் நோக்கில் பலர் இச்சாட்சியைத் தலைமைக் கந்தோரிலேயே வைத்துவிடுவர். அக்கட்டடம் தீப்பற்றினால் சேவையகமும் சாட்சியும் ஒருங்கே போய்விடும். எஞ்சிய வெள்ளவத்தைச் சேவையகமோ, தனக்கு ஒரு வாக்குத்தானே உண்டென்று வாளாவிருக்கும். கட்டாயம் வேண்டிய அன்றுதான் அது வேலை செய்யாது. சாட்சி மூன்றாவதோர் ஊரில், கண்டியிலோ குருநாகலிலோ இருத்தல் நன்று.

கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் நேர்கோட்டில் பத்துக் கிலோமீற்றரும் இராது என்பதையும் மறத்தலாகாது. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை, தீவு முழுவதிலும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியைத் தொட்டதே காரணம் என்று மின்சக்தி அமைச்சர் அன்று கூறினார். இராமாயணத்து அனுமனுக்குப் பின் இலங்கையை இவ்வளவு கலக்கிய வானரம் வேறில்லை! அத்தகைய நாளில் ஒரே நகரின் இரு முனைகளும் ஒன்றாகவே இருளும்.

இவ்வளவும் செம்மையாக அமைந்துவிட்டாலும் ஓர் அபாயம் எஞ்சுகிறது. சிட்டையைப் பின்பற்றும் பிரதி மிக உண்மையான பிரதி. எழுதுவினைஞர் ஒருவர் தவறுதலாக ஒரு பெட்டியை அழித்தால், அழித்த செய்தியும் சிட்டையில் ஏறி, சிறிது நேரத்தில் வெள்ளவத்தையிலும் அப்பெட்டி மறையும். இதற்காகவே, வந்த சிட்டையை உடனே பதியாமல் பதினான்கு நாட்கள் வரை தாமதித்துப் பதியும் பிரதியொன்றை வைக்கவும் வசதியுண்டு. தவறு கண்டவுடன் பதிவதை நிறுத்தி, பழைய நிலையை மீட்கலாம். தவறுக்கு இது மருந்து, திருடனுக்கு அன்று. நிர்வாகியின் திறவுகோலைக் கைப்பற்றியவன் வலையில் உள்ள அறைகள் அனைத்துக்கும் செல்வான். தாமதப் பிரதியின் அறையையும் அவன் விடான். 2023இல் நேர்ந்ததும் இத்தகையதே. அப்போது பயன்பாட்டில் இருந்தது எக்ஸ்சேஞ்சின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்குரிய பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் 2023 ஏப்ரல் 11ஆந் திகதியுடன் நிறுத்திவிட்டது. அப்பதிப்புக் காலங்கடந்தது, தாக்குதலுக்கு எளிதில் இடங்கொடுப்பது என்பதை முகவர் நிலையத்தாரும் மறைக்கவில்லை. நாள்தோறும் வலைக்கு வெளியே பிரதி எடுப்பதாகவும் புதிய பதிப்புக்கு மாறுவதாகவும் அவர்கள் பின்னர் அறிவித்தனர்.

செல்வமும் தொழில்நுட்பமும் மிக்க நாடுகளும் இவ்வகையில் தப்பவில்லை. 2025 செப்டெம்பர் 26ஆந் திகதி தென்கொரியாவின் டேஜொன் நகரிலுள்ள அரச தரவு நிலையத்தில் தீ மூண்டது. அரச ஊழியர் தம் கோப்புகளை வைத்திருந்த ‘ஜி டிரைவ்’ என்னும் களஞ்சியத்தில் 858 டெராபைட் தரவு அழிந்தது. அளவு பெரிதாகையால் வேறிடத்தில் அதற்குப் பிரதி எடுக்கப்பட்டிருக்கவில்லை. பெரிதென்று பிரதி எடாதுவிட்டது விந்தையே. பெரிதாயிருந்தமையால் அன்றோ இழப்பும் பெரிதாயிற்று!

கழற்றி வைக்கும் பிரதிக்கு அரிய கருவி எதுவும் வேண்டா. நாடாவோ வட்டோ போதும். எழுதி முடிந்ததும் இணைப்பைக் கழற்றி, வேறொரு கட்டடத்தில் பூட்டி வைக்கவேண்டும். ஒன்றையே திரும்பத் திரும்ப அழித்தெழுதாமல், கிழமைக்கொன்று, மாதத்துக்கொன்று எனப் பழையவற்றையும் காத்தல் வேண்டும்; திருடன் உள்ளே புகுந்து பல நாட் கழித்தே தன்னைக் காட்டிக்கொள்வதும் உண்டு. பலர் செய்யாது விடுவது, எடுத்த பிரதியைத் திறந்து பார்த்தல். மாதத்தில் ஒரு நாள், சென்ற மாதத்து நாடாவை எடுத்து, வெறுமையான ஓர் இயந்திரத்தில் ஏற்றி, யாரேனும் ஒருவருடைய பெட்டியிலிருந்து ஒரு கடிதத்தை வெளியே எடுக்கவேண்டும். எத்தனை மணி நேரம் சென்றது என்பதையும் குறித்துக்கொள்ளவேண்டும்.

2023ஆம் ஆண்டு யூன் மாதத்தில் கொட்டாஞ்சேனையிலிருந்து ஓய்வூதியம் பற்றி ஓர் அரச கந்தோருக்கு மின்னஞ்சல் எழுதியவர் ஒருவர் இருந்திருந்தால், அவருடைய பெட்டியில் அனுப்பிய பிரதி இன்றும் கிடக்கும், மீண்டும் அனுப்பலாம். தாக்குண்ட ஒரு கந்தோர் மற்றொரு கந்தோருக்கு எழுதியதன் நிலை வேறு. அனுப்பியவர் பெட்டியும் பெற்றவர் பெட்டியும் ஒரே ஏற்பாட்டில் இருந்தமையால், தம் சொந்தக் கணினியிலோ கடதாசியிலோ பிரதி வைத்திருந்தவர் நீங்கலாக, ஏனையோரிடம் அக்கடிதத்தின் இரு முனைகளும் இல்லை.