பெயர் தெரியாத நோயோடு காத்திருக்கும் நாட்கள்



திருப்பலி முடிந்து வெளியே வரும்போது, "எப்படி இருக்கிறீர்கள்?" என்று ஒருவரை ஒருவர் கேட்கிறோம். "நன்றாக இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களில் சிலருக்குப் பாதம் மரத்துப்போயிருக்கும். சிலருக்குக் காரணமின்றிக் கை நடுங்கும். சிலருக்கு நடக்கும்போது தரை பஞ்சுபோல் தோன்றும். வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர், "நரம்பியல் நிபுணரிடம் காட்டுங்கள்" என்று எழுதிக் கொடுத்திருப்பார். நிபுணரைப் பார்க்க நாள் கேட்டால், வாரங்கள் கழித்துத்தான் கிடைக்கிறது. அதுவரை நோய்க்குப் பெயரும் இல்லை, மருந்தும் இல்லை. அந்த நாட்களைப் பற்றித்தான் இன்று சிந்திக்கிறோம்.

பெயர் இல்லாத நோய்க்கு ஊரார் பெயர் வைத்துவிடுகிறார்கள். ஒருவர் கண்ணேறு என்பார், இன்னொருவர் செய்வினை என்பார். வீட்டுக்குள்ளேயே, "வேலைக்குப் பயந்து நடிக்கிறாள்" என்ற பேச்சு எழும். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிட்டாலோ, கேட்கவே வேண்டாம்.

ஆனால் ஸ்கேன் எல்லாவற்றையும் காட்டுவதில்லை. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும், வலிப்பு நோய் உள்ள பலருக்கும் மூளை ஸ்கேன் சரியாகவே இருக்கும். காலில் ஓடும் நரம்பு கெட்டிருந்தால் தலையை ஸ்கேன் எடுத்துப் பயனில்லை. இன்னொரு வகையும் உண்டு. வானொலிப் பெட்டி எங்கும் உடையாமல் இருந்தும், அலைவரிசை சற்று நகர்ந்துவிட்டால் கரகரப்புதானே கேட்கிறது? அதுபோல மூளையிலும் நரம்பிலும் சேதம் எதுவும் இல்லாமலே, அவற்றுக்கிடையே செய்தி போய்வருவது தடுமாறுவதுண்டு. கால் செயலிழக்கலாம், உடல் உதறலாம். இதை நடிப்பு என்று எந்த நல்ல மருத்துவரும் சொல்லமாட்டார். இதற்கும் உடற்பயிற்சி சிகிச்சை உள்ளிட்ட வழிகள் இருக்கின்றன.

நம் திருச்சபை வணங்கும் புனிதர்களில் லிட்வினா என்பவரை நம்மில் அதிகம் பேர் அறிந்திருக்கமாட்டோம். 1380ஆம் ஆண்டு ஹாலந்தில் பிறந்தவர். பதின்வயதில் பனிச்சறுக்கும்போது விழுந்து விலா எலும்பை முறித்துக்கொண்டார். அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாக நடக்க முடியாமல் போயிற்று, பார்வையும் குறைந்தது. 1433இல் இறக்கும்வரை அவருக்கு வந்தது இன்ன நோய் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோயாக இருந்திருக்கலாம் என்று இக்கால மருத்துவர்கள் சிலர் கருதுகிறார்கள். அந்த நோயைப் பாரிசில் சார்கோ என்ற மருத்துவர் தெளிவாக விவரித்ததே 1868இல்தான். நாம் காத்திருப்பது சில வாரங்கள். அவர் சுமார் 38 ஆண்டுகள் காத்திருந்தார். இதைச் சொல்வது நம் வேதனையைச் சிறிதாக்க அல்ல. பெயர் கிடைக்காததால் ஒரு நோய் பொய்யாகிவிடாது என்பதற்காகவே சொல்கிறோம்.

சரி, காத்திருக்கும்போது என்ன செய்யலாம்? முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குவோம். என்று தொடங்கியது, எந்தப் பக்கம், எவ்வளவு நேரம், எதைச் செய்தால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்று தேதி போட்டு எழுதுவோம். நரம்பியல் நிபுணர் ஸ்கேனைவிட முதலில் நம்புவது நாம் சொல்லும் கதையைத்தான். நடுக்கமோ உதறலோ வந்துபோகிறது என்றால், அந்த நேரத்தில் வீட்டார் செல்போனில் வீடியோ எடுத்து வைக்கட்டும். மருத்துவர் முன் உட்காரும்போது அது வராமலேயே போகலாம்.

சர்க்கரை, தைராய்டு, பி12 இவற்றின் இரத்தப் பரிசோதனைகளை இப்போதே செய்துவிடலாமா என்று வழக்கமான மருத்துவரிடம் கேட்போம். மரத்துப்போவதற்கு இவற்றில் ஒன்றே காரணமாக இருப்பதுண்டு. கடையில் "நரம்புக்குச் சத்து" என்று கேட்டு மாத்திரை வாங்கி விழுங்குவது நம்மிடம் உள்ள பழக்கம். பி12 மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு இரத்தம் கொடுத்தால் குறைபாடு தெரியாமல் போகலாம். பி6 சத்தை அளவுக்கு மிஞ்சி நெடுநாள் எடுத்தாலோ, அதுவே கைகாலை மரக்கச் செய்யும்! ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளை நாமாக நிறுத்தவும் கூடாது. மயக்கமோ உதறலோ வருகிறவர்கள் மருத்துவர் சொல்லும்வரை இருசக்கர வண்டி ஓட்ட வேண்டாம்.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கவே கூடாது. திடீரென்று வாய் கோணினால், ஒரு கை தளர்ந்தால், பேச்சு குழறினால் உடனே 108ஐ அழைக்க வேண்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசி போட வேண்டுமென்றால், பொதுவாகத் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதுவரை வாயில் தண்ணீரும் ஊற்ற வேண்டாம், புரையேறும். இதுவரை அறியாத கடும் தலைவலி சட்டென்று வந்தால், உட்காரும் இடம் மரத்துச் சிறுநீர் கட்டுப்படாமல் போனால், காலில் தொடங்கிய தளர்ச்சி மேலே ஏறினால், அன்றே அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும். வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுப்பதால் பயனில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்து நேரத்தைப் பார்ப்போம். 5 நிமிடம் தாண்டினால் 108.

மாற்கு நற்செய்தி 5ஆம் அதிகாரத்தில் ஒரு பெண் 12 ஆண்டுகள் மருத்துவர் பலரிடம் போய்ச் சொத்தையெல்லாம் இழந்து வருகிறார். இயேசு யாயிரின் வீட்டுக்குப் போகும் அவசரத்திலும் நின்று, அவர் சொன்னதை முழுவதும் கேட்டார். நம் அன்பியத்தில் ஒருவர், "கை மரத்துப்போகிறது" என்று சொன்னால், நாமும் அறிவுரை சொல்லாமல் கொஞ்சம் கேட்போமே.

நிபுணரைப் பார்க்கும் நாளில் அவரைத் தனியே அனுப்ப வேண்டாம். பதற்றத்தில் மருத்துவர் சொன்னதில் பாதி காதில் விழாது. கூடப் போகிறவர் குறித்துக்கொள்ளட்டும். பழைய சீட்டுகள், ஸ்கேன் படங்கள், மருந்துப் பட்டியல், நோட்டுப் புத்தகம் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். அரசு மருத்துவமனை என்றால் முதல் பேருந்தைப் பிடிக்க வேண்டும். போக வழியில்லாதவர்களுக்குத் துணை தேடித் தர முடியுமா என்று நம் வின்சென்ட் தே பவுல் சபையினரைக் கேட்கலாம். ஓ.பி. சீட்டு வரிசையில் துணைக்குப் போனவர் நின்றுகொள்ள, நோயாளி நிழலில் உட்கார்ந்திருக்கலாம்.